அந்தமான்: மூன்று தலைமுறை மௌனத்தை உடைக்கும் குடும்பக் கதைகள்

புது தில்லி: ஆண்டுதோறும் ஜனவரி 30-ம் தேதி முற்பகல் 11 மணிக்கு நாடு முழுவதும் இரண்டு நிமிடம் மௌனம் அனுசரிக்கப்படுகிறது. ராஜ்காட்டில் குடியரசுத் தலைவரும் பிரதமரும் மலரஞ்சலி செலுத்துகின்றனர். அதே தேதி, தெற்கு அந்தமானில் உள்ள ஹம்ப்ரிகஞ்ச் என்ற சிற்றூருக்கு வேறு ஒரு துயரத்தின் நினைவு நாளாகும். 1944 ஜனவரி 30-ம் தேதி அங்கு 44 இந்தியர்களை ஜப்பானியப் படையினர் சுட்டுக் கொன்று புதைத்தனர்.

காந்தியடிகள் கொல்லப்படுவதற்குச் சரியாக நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இந்தப் படுகொலை. அந்த 44 பேரின் நினைவாக அங்கு பலிபீட நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டுள்ளது. எனினும், நாட்டின் பொது நினைவில் இச்சம்பவத்துக்கு இடமில்லை. இது இன்றுவரை மறையாமல் இருப்பதற்கு முதற்காரணம் அரசு ஆவணங்கள் அல்ல. கொல்லப்பட்டோரின் மனைவியரும் மக்களும் பேரப்பிள்ளைகளும் வீட்டுக்குள் சொல்லிவந்த கதைகளே அதற்குக் காரணம்.

துயரத்தைச் சொல்வதால் மனம் ஆறுமா, பெற்றோர் அடைந்த துன்பத்தின் வடு பிள்ளைகளையும் தொடருமா என்ற கேள்விகளை மனநல மருத்துவர்கள் இன்று உலகெங்கும் ஆராய்கின்றனர். அந்தமான்-நிகோபார் தீவுகளில் இவை மருத்துவக் கேள்விகளாக மட்டும் இல்லை. யாருடைய துயரத்தை நாடு தன்னுடையதாக ஏற்கிறது என்ற அரசியல் கேள்வியும் அங்கு சேர்ந்தே எழுகிறது.

உளவாளி என்ற பழி: ஜப்பானியப் படை 1942 மார்ச் 23-ம் தேதி போர்ட் பிளேரில் கரையிறங்கியது. பெரும்பாலான ஆங்கிலேய அதிகாரிகள் அதற்கு முன்பே வெளியேறியிருந்தனர். ஆங்கிலேய ஆட்சி ஒழிந்தது என்று மக்களில் பலர் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சி சில நாள்கூட நீடிக்கவில்லை.

கோழி பிடிக்க வீட்டுக்குள் புகுந்த வீரர்களை நோக்கி ஜுல்பிகார் அலி என்ற இளைஞர் காற்றுத் துப்பாக்கியால் சுட்டார். யாருக்கும் காயமில்லை. ஆயினும், அவரைப் பிடித்த ஜப்பானியர், ஊரார் முன்னிலையில் சித்திரவதை செய்து சுட்டுக் கொன்றனர். தீவு மக்கள் கண்ட முதல் பகிரங்கக் கொலைகளில் அது ஒன்று.

1943 ஜனவரியில் டெனிஸ் மெக்கார்த்தி என்ற ஆங்கிலேய அதிகாரி நீர்மூழ்கிக் கப்பலில் ரகசியமாக வந்து, காட்டில் மறைந்திருந்து தகவல் சேகரித்தார். போருக்கு முன் அந்தமானில் காவல் துறை அதிகாரியாக இருந்தவர் அவர். அவரது வருகையைத் தீவு மக்களில் மிகப் பெரும்பாலோர் அறியார். ஆனால், நேச நாட்டுப் படைகளால் தங்கள் கப்பல்கள் தாக்கப்பட்டபோதெல்லாம், தகவல் கொடுத்தவர் ஊருக்குள்தான் இருக்கிறார் என்று ஜப்பானியர் முடிவு கட்டினர். ஆசிரியர், மருத்துவர், எழுத்தர், காவலர் எனப் படித்தவர்களே குறிவைக்கப்பட்டனர். ஆங்கிலேயர் கட்டிய செல்லுலார் சிறையின் அதே அறைகளில் அடைக்கப்பட்டு வதைக்கப்பட்டனர். வலி தாளாமல் ஒருவர் இன்னொருவரின் பெயரைச் சொல்ல, அவரும் பிடித்துச் செல்லப்பட்டார்.

குடும்பங்களின் நீண்ட மௌனத்துக்கான வேர் இங்குதான் இருக்கிறது. தந்தையைக் கொன்றது அன்னியப் படை. அவரது பெயரை வதையின்போது சொன்னவரோ அடுத்த தெருக்காரராக இருக்கலாம். போர் முடிந்த பிறகும் இரு வீட்டாரும் ஒரே ஊரில், ஒரே சந்தையில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு வாழ வேண்டியிருந்தது. பேசினால் பகை மூளும். ஆகவே, பேசாமல் இருப்பதே பிழைக்கும் வழியாயிற்று.

கொடியேற்றமும் கொலைக்களமும்: மௌனத்துக்கு இரண்டாவது காரணம் ஒன்றும் உண்டு. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 டிசம்பர் 29-ம் தேதி போர்ட் பிளேருக்கு வந்தார். மறுநாள் அங்கு மூவர்ணக் கொடி ஏற்றப்பட்டது. விடுதலைப் போராட்ட வரலாற்றில் என்றும் நிலைத்திருக்கும் நாள் அது. ஆனால், அதே நாள்களில் தீவின் இந்தியர்கள் பலர் செல்லுலார் சிறைக்குள் வதைபட்டுக்கொண்டிருந்தனர். நேதாஜியின் பயணம் முழுவதும் ஜப்பானியரின் காவலுக்குள்ளேயே அமைந்தது. அடுத்த மாதமே ஹம்ப்ரிகஞ்ச் கொலை நடந்தது. அங்கு கொல்லப்பட்டவர்களில் பலர் இந்திய சுதந்திர லீகைச் சேர்ந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் அந்தமானின் தலைமை ஆணையராக 1944-ல் பொறுப்பேற்க அனுப்பப்பட்டவர் ஒரு தமிழர். ராணுவ மருத்துவரான ஏ.டி. லோகநாதன், கல்வித் துறையைத் தவிர வேறெதுவும் உண்மையில் தன் கைக்கு வரவில்லை என்பதை உணர்ந்தார். காவல் துறையை ஜப்பானியர் கடைசிவரை ஒப்படைக்கவில்லை. பின்னர், தில்லி செங்கோட்டையில் நடைபெற்ற இந்திய தேசிய ராணுவ வழக்கில் அவர் சாட்சியம் அளித்தபோது இவ்விவரங்கள் பதிவாயின.

தேசம் கொண்டாடிய கதை ஒன்று. குடும்பங்கள் சுமந்த கதை இன்னொன்று. முதலாவதைக் குறைத்துவிடுவோமோ என்ற தயக்கத்தில் இரண்டாவதைப் பலர் உரக்கச் சொல்லவில்லை. உண்மையில் இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. நேதாஜியின் தியாகத்தைப் போற்றுவோர், அவரது லீகில் இருந்ததற்காகவும் உளவாளிகள் என்ற பொய்ப் பழியாலும் மடிந்தோரை மறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மகன் காத்த கதை: இந்த மௌனத்தை உடைத்த குடும்பங்களுக்கு முன்னுதாரணம், டாக்டர் திவான் சிங்கின் குடும்பம். இப்போது பாகிஸ்தானில் உள்ள சியால்கோட் பகுதியில் பிறந்து ராணுவ மருத்துவரான அவர், 1927-ல் போர்ட் பிளேருக்கு மாற்றப்பட்டார். பஞ்சாபி மொழியில் புதுக்கவிதைக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர். தீவின் மீது கொண்ட பற்றால் "காலாபாணி" என்பதையே தன் பெயருடன் சேர்த்துக்கொண்டார். போர்ட் பிளேரில் அவர் எழுப்பிய குருத்வாராவின் பள்ளியில் தமிழ் உள்பட பல மொழிகள் கற்பிக்கப்பட்டதாக அவரது வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன.

சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவராக இருந்தும், ஜப்பானியரின் தகாத கட்டளைகளுக்கு அவர் பணிய மறுத்தார். 1943 அக்டோபரில் கைது செய்யப்பட்டு, ஏறத்தாழ 82 நாள் சித்திரவதைக்குப் பின் 1944 ஜனவரி 14-ம் தேதி செல்லுலார் சிறையில் உயிர் நீத்தார். நேதாஜி வந்து சென்ற நாள்களில் அவர் சிறைக்குள்தான் இருந்தார். மூன்றாண்டுகளில் பிரிவினை வந்தது. அவரது சொந்த ஊர் எல்லைக்கு அப்பால் போயிற்று. தலைவனையும் பூர்வீகத்தையும் அந்தக் குடும்பம் அடுத்தடுத்து இழந்தது.

அவரது இறுதிக் காலக் கவிதைகள் 1962-ல் நூலாக வந்தன. மகன் மொகிந்தர் சிங் தில்லானும் மருமகள் குர்தர்ஷன் கௌரும் தங்கள் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தந்தையின் கதையைத் திரட்டுவதில் செலவிட்டனர். சண்டீகருக்கு அருகே சிஸ்வானில் அவருக்கு அருங்காட்சியகம் அமைத்தனர். அரசின் அழைப்புக்குக் காத்திராமல், தந்தையின் சாவுக்குப் பொருள் கண்ட பிள்ளைகளின் முயற்சி இது. வீட்டில் அடங்கியிருந்த அழுகை, அன்னியரும் வந்து கேட்கக்கூடிய வரலாறாக மாறியது.

இதற்கு வாய்ப்பில்லாத குடும்பங்களே மிகுதி. 1945 ஆகஸ்டில், போர் முடியும் தறுவாயில், உணவுத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி நூற்றுக்கணக்கானோர் ஹேவ்லாக் தீவருகே கொண்டுசெல்லப்பட்டுக் கடலில் தள்ளப்பட்டனர். உயிர் பிழைத்தோர் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. எத்தனை பேர் இறந்தனர் என்பதில் நூல்களிடையே இன்றும் ஒற்றுமை இல்லை. பெயர்ப் பட்டியலே முழுமையாக இல்லாதபோது, எந்தக் கல்லின் முன் நின்று அழுவது என்பதே அக்குடும்பங்களின் துயரம். ஹேவ்லாக் தீவுக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் வெண்மணல் கடற்கரைக்கு விடுமுறையைக் கழிக்கச் செல்வோரில் எத்தனை பேர் இச்சம்பவத்தை அறிவார்கள்?

அதற்கும் முந்தைய மௌனம்: ஜப்பானியர் வருவதற்கு முன்பே தீவு மக்களுக்கு மௌனம் பழகிய ஒன்றுதான். 1858-ல் கைதிகள் குடியேற்றம் தொடங்கியது. தண்டனைக் காலத்தில் நன்னடத்தை காட்டியோர், பெண் கைதிகளை மணந்து குடும்பம் நடத்த அனுமதிக்கப்பட்டனர். அவர்களின் வழித்தோன்றல்களே "லோக்கல் பார்ன்" எனப்படும் உள்ளூர்ப் பிறப்பினர். பாட்டன் எந்தக் குற்றத்துக்காகக் கப்பலேற்றப்பட்டார் என்று பேரனிடம் சொல்லும் வழக்கம் இல்லை. சாதியும் சொந்த ஊரும்கூடப் பல வீடுகளில் மறைக்கப்பட்டன அல்லது மறக்கப்பட்டன.

சில சமூகத்தினர் நினைவை வேறு வழியில் காத்தனர். 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமார், தாங்கள் குடியேறிய தெற்கு அந்தமான் ஊர்களுக்குக் கோழிக்கோடு, மஞ்சேரி, மலப்புறம், திரூர் என்று பெயரிட்டனர். சொல்ல முடியாத பிரிவை ஊர்ப்பெயரில் எழுதிவைத்தனர். அரசோ "1942-க்கு முந்தைய குடியேறிகள்" என்று ஒரு தனிப் பிரிவை வகுத்து, அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. சலுகை பெறுவதற்காகவாவது குடும்பங்கள் பழைய காகிதங்களைத் தேட வேண்டியதாயிற்று. மறைத்த மூதாதையரைச் சான்றாகக் காட்ட வேண்டிய நிலை வந்ததும், வீட்டில் கேள்விகள் எழுந்தன. பழங்கதைகள் மெல்ல வெளிவந்தன.

கேட்பதும் சிகிச்சையே: 2004 டிசம்பர் 26-ம் தேதி ஆழிப்பேரலை தாக்கியபோது, துயரத்தைப் பேச வைப்பது முதல்முறையாக இங்கு ஒரு மருத்துவப் பணியாக மேற்கொள்ளப்பட்டது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனத்தின் (நிம்ஹான்ஸ்) மருத்துவர்கள் போர்ட் பிளேர் முகாம்களுக்கு வந்தனர். ஒடிசா புயல் (1999), குஜராத் நிலநடுக்கம் (2001) ஆகியவற்றின் அனுபவத்திலிருந்து அந்நிறுவனம் வகுத்த முறையின் முதற்படி, மனத்தில் உள்ளதைக் கொட்டச் செய்வது. அடுத்து, குறுக்கிடாமல் செவிமடுப்பது. ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் இப்பயிற்சி அளிக்கப்பட்டது.

முதல் மூன்று மாதங்களில் திரட்டிய தரவுகளை அக்குழு பின்னர் வெளியிட்டது. முகாமில் இருந்த இடம்பெயர்ந்தோரில் 5.2 சதவீதத்தினரிடமும், இடம்பெயராதோரில் 2.8 சதவீதத்தினரிடமும் மனநோய் அறிகுறிகள் காணப்பட்டன. நிகோபார் பழங்குடியினரின் கூட்டுக் குடும்ப அமைப்பு அவர்களுக்குத் தொடக்கத்தில் அரணாக இருந்ததையும் அக்குழு சுட்டிக்காட்டியது. மருந்தைக் காட்டிலும் மனிதர் சூழ இருப்பதே அங்கு பெரிதும் உதவியது.

இதே காலத்தில் இலங்கையின் வடகிழக்கில் தமிழ்ச் சிறுவர்களிடையே ஓர் ஆய்வு நடைபெற்றது. போரையும் பேரலையையும் ஒருசேரக் கண்ட 31 சிறுவர்களில் ஒரு பிரிவினர், தங்கள் வாழ்க்கைக் கதையை வரிசையாகச் சொல்லிப் பதிவு செய்தனர். மற்றொரு பிரிவினருக்கு தியானமும் உடல் தளர்வுப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. ஆறு மாதங்களுக்குப் பின் முதல் பிரிவில் 81 சதவீதத்தினரும், இரண்டாம் பிரிவில் 71 சதவீதத்தினரும் தேறியிருந்தனர். கதை சொல்வது பயன் தரும். ஆனால் அது ஒன்றே வழியல்ல என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம்.

எச்சரிக்கையும் தேவை. பேரிடர் நிகழ்ந்த உடனே, நடந்ததை ஒரே அமர்வில் விவரிக்கும்படி பாதிக்கப்பட்டோரை வற்புறுத்தும் முறையைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2013-ல் அறிவுறுத்தியது. அது சிலருக்குத் தீங்கையே விளைவிக்கும். சொல்பவர் தானே விரும்ப வேண்டும். கேட்பவர் நம்ப வேண்டும். சொன்னதற்கு மதிப்பிருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்தில், கேமராவின் முன் அழவைப்பது சிகிச்சை ஆகாது.

முன்னோரின் துயரம் மரபணு வழியாகவே இறங்குகிறது என்ற கருத்தும் அண்மைக் காலத்தில் பரவி வருகிறது. சிறு எண்ணிக்கையினரிடம் நடந்த ஆய்வுகளைச் சார்ந்த அக்கருத்து இன்னும் விவாதத்துக்கு உரியது. ஆனால், பெற்றோரின் அச்சமும் வீட்டின் விளக்கமற்ற மௌனமும் பிள்ளைகளை வளர்ப்பு முறையிலேயே சென்றடைகின்றன என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை.

சடங்கு இழந்த துயரம்: நிகோபார் மக்களின் மரபில் இறந்தோரை வழியனுப்புவது ஒரு வீட்டின் வேலையன்று. "துகெட்" எனப்படும் பெருங்குடும்பம் கூடி, பன்றிகளைப் பலியிட்டு, ஊருக்கே விருந்து வைத்து நினைவுகூரும். பேரலையில் உடல்களும் கிடைக்கவில்லை. விருந்துக்குரிய பன்றிகளும் மிஞ்சவில்லை. நிவாரணத் தொகையோ தனித்தனிக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டதால், துகெட் அமைப்பே தளர்ந்தது என்று ஆய்வாளர் சிம்ரன் ஜித் சிங் பதிவு செய்துள்ளார். கூட்டாகத் துக்கம் அனுசரித்த சமூகத்துக்கு, தனித்தனியாக அழ வேண்டிய நிலை ஏற்பட்டது.

இத்துயரக் கதைகளுக்கு இன்று நிலவுரிமையோடும் தொடர்பு உண்டு. கிரேட் நிகோபாரின் பழங்குடியினர், பேரலைக்குப் பின் தங்கள் பூர்வீகக் கடலோர ஊர்களை விட்டு கேம்பல் பே அருகே குடியமர்த்தப்பட்டனர். அந்த ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்களது நெடுநாள் கோரிக்கை. அத்தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றை அமைக்கும் பெருந்திட்டத்துக்கு 2022 ஆகஸ்டில் அளித்த ஒப்புதலை, அதே ஆண்டு நவம்பரில் பழங்குடியினர் மன்றம் திரும்பப் பெற்றது. பழங்குடியினர் யாரும் இடம்பெயர்க்கப்பட மாட்டார்கள் என்கிறது மத்திய அரசு. எங்கள் முன்னோர் வாழ்ந்த இடம் இது என்று சொல்ல அவர்களிடம் பட்டா இல்லை. பாட்டன்மார் சொன்ன ஊர்க் கதைகளே அவர்களது ஆவணம்.

கச்சால் தமிழர்கள்: தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய பக்கமும் ஒன்று உண்டு. 1964-ம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர்களில் ஒரு பகுதியினர், நிகோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். தேயிலைத் தோட்டத்துக்கு மூதாதையர் கப்பலேறியது முதல் இடப்பெயர்வு. குடியுரிமை இன்றித் திருப்பி அனுப்பப்பட்டது இரண்டாவது. பேரலை கச்சாலைச் சூறையாடியது மூன்றாவது.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கச்சாலில் 5,312 பேர் இருந்தனர். 2011-ல் எஞ்சியோர் 2,685 பேரே. தோட்டத்தை நடத்திவந்த வனத் தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூடுவதற்கு 2017-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நாலு தலைமுறையாகத் தொடரும் இந்த அலைச்சல், நீலகிரிக்கும் மண்டபத்துக்கும் வந்து சேர்ந்த தாயகம் திரும்பியோரின் கதையோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது. தமிழ்நாட்டில் அதைக் கேட்டவர்கள் குறைவு.

தில்லி செய்ய வேண்டியது: தில்லி காஷ்மீரி கேட் பகுதியில் தாரா ஷிகோ நூலகக் கட்டடத்தில் 2023-ல் பிரிவினை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சாமானியர்களின் வாய்மொழிச் சாட்சியங்களே அங்கு மையப் பொருள். பிரிவினை குறித்து ஆயிரக்கணக்கான நேர்காணல்கள் ஆர்வலர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளன. அந்தமானின் 1942-45 காலத்துக்கு அந்த அளவிலான முயற்சி நடைபெறவில்லை.

ஆதாரங்கள் இல்லாமல் இல்லை. போருக்குப் பின் சிங்கப்பூரில் நடந்த போர்க்குற்ற விசாரணைகளில் கார் நிகோபார், அந்தமான் வழக்குகளும் இடம்பெற்றன. தீவு மக்கள் அளித்த சாட்சியங்கள் அடங்கிய அக்கோப்புகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தன் தந்தை பற்றி நீதிமன்றத்தில் சொல்லப்பட்டதைப் படிக்க, போர்ட் பிளேரில் வாழும் மகன் லண்டன் செல்ல வேண்டியதில்லை. அவற்றின் பிரதிகளைப் பெற்று, 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்நகரிலேயே வைப்பது மத்திய கலாசாரத் துறையால் இயலக்கூடியதே.

அதனினும் அவசரமானது, இருப்போரிடம் கேட்டுப் பதிவு செய்வது. ஹிந்துஸ்தானி, வங்காளம், தெலுங்கு, தமிழ், மலையாளம், கரேன், நிகோபாரி எனத் தீவுகள் பல மொழி பேசுகின்றன. சொல்பவரின் மொழியிலேயே கேட்கத் தெரிந்தவர்கள் வேண்டும். தீவுகளின் கல்லூரி மாணவர்களையே இதற்குப் பயிற்றலாம். பேரப்பிள்ளை கேட்கும்போது மனம் திறக்கும் முதியவர், அதிகாரி கேட்டால் திறப்பதில்லை.

ஜப்பானியர் கரையிறங்கியபோது பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். பேரலையின்போது பத்து வயதாக இருந்தவர், முப்பது வயதைத் தாண்டி, தானே பெற்றோராகியிருக்கக்கூடும். முன்னவரிடம் கேட்க எஞ்சியிருப்பது சில ஆண்டுகளே. பின்னவரிடம் இப்போதே கேட்டுவிட்டால், அவரது பிள்ளைகள் வீட்டு மௌனத்துக்குக் காரணம் தெரியாமல் வளர நேராது.